நிரம்பாத தொட்டி

"செப்டிக் டேங்க் பத்து வருஷமா ரொம்பினதே இல்ல சார்" என்று வீட்டை விற்றவர் பெருமையாகச் சொல்லியிருந்தார். அது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. வீட்டை வாங்கிய சகாயம், கழிவுநீர் லாரிக்காரரை அழைத்துவந்தார். அவர் கடப்பாரையால் தரையைத் தட்டிக்கொண்டே போய், மதிற்சுவரோரம் மண்ணுக்குள் கிடந்த மூடியைக் கண்டுபிடித்தார். திறந்து, நீளக் கழியை விட்டுப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடியில காங்கிரீட்டே போடல சார். எல்லாம் மண்ணுக்குள்ள எறங்கிடுது. அப்புறம் எப்படி ரொம்பும்?"

சுவருக்கு மேலே ஒரு செம்பு நீண்டது. பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா.

"வெயில்ல நிக்கிறீங்களே, குடிங்கண்ணே. இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான் எங்க கிணறு. சில்லுனு இருக்கும்."

லாரிக்காரர் செம்பை வாங்கினார். குடிக்காமல் சகாயத்திடம் கொடுத்தார். காலிச் செம்புக்காக அக்காவின் கை சுவர்மேல் காத்திருந்தது.