அசல் பெட்டியில் மட்டும்

விளக்கு எரிந்தது.

அவன் தன்னையறியாமல் கைதட்டினான்.

ஒரு மாதமாக அசைந்து கொடுக்காத பெட்டி. மனைவி பூங்கோதையின் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கணினி. கல்லூரியில் படிக்கும்போது அவள் அதில் பாட்டுக் கட்டியிருக்கிறாள். பிறகு சீர் சாமான்களோடு திருச்சிக்கு வந்து, பரணில் ஏறியது ஏறியதுதான்.

உண்மையில் அவனுக்கு அந்தப் பெட்டியே வேண்டாம். அதைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் ஒன்றை அவனே எழுதியிருக்கிறான். மடிக்கணினிக்குள் உட்கார்ந்திருக்கும் பழைய கணினி. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று வளர்ந்த பிள்ளை அது.

அவளுடைய பாட்டை அதில்தான் முதலில் போட்டுக் காட்டினான்.

“நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இது அது இல்ல.”

என்ன இல்லை என்று கேட்டான். சிரித்தாளே தவிர சொல்லவில்லை.

அந்தச் சிரிப்புதான் அவனைக் குடைந்தது. பந்தயம் கட்டினான். இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தால் பெட்டி காயலான் கடைக்குப் போகும். ஒலிக்காவிட்டால் கூடத்தில், டிவி பக்கத்தில், நிரந்தரமாக இருக்கும். அவன் தன் பிள்ளையைப் பற்றி இனி வாய் திறக்கக் கூடாது.

சரி என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொன்னாள்.

அவள் பாட்டு இருந்த ஃப்ளாப்பியைச் செருகினான்.

அவள் சோபாவில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு எழுந்தது.

அவனுக்கு அது தலைகீழ்ப் பாடம். மேல் குரல் சரி. நடுக் குரல் சரி. அடியில் உறுமும் குரலும் சரி. ஒவ்வொரு சுரமும் வந்து சேரச் சேர அவனுக்கு உள்ளே குதியாட்டம்.

“பாத்தியா கோதை, அச்சு அசல்.”

அவள் உரித்துக்கொண்டேயிருந்தாள்.

இனி நடுவில் வரும் அந்த வெற்றிடம் மட்டும்தான் பாக்கி. அங்கே அவள் ஒலியளவைக் கன்னாபின்னாவென்று ஏற்றி இறக்க எழுதியிருந்தாள். காரணமே தெரியவில்லை. எமுலேட்டரில் அந்த இடம் மௌனமாகக் கடந்துபோகும். சின்ன வயதில் செய்த சொதப்பல் என்று அவளிடமே சொல்லியிருக்கிறான். அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

பழைய ஒலிச் சில்லில் ஒரு குறை உண்டு. ஒலியளவை மாற்றும்போதெல்லாம் டிக்கென்று ஒரு சத்தம் கசியும். அதைப் பற்றி அவன் படித்திருக்கிறான். எமுலேட்டரில் அதைச் சேர்க்கவில்லை. குறையை எதற்குப் பிரதியெடுக்க வேண்டும்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

வெற்றிடம் வந்தது.

டிக்.

டிக், டிக்.

பிறகு ஆயிரம் டிக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மழைபோல் இரைந்தன.

டிக்குகளே சேர்ந்து குரலாகி, இரைச்சலுக்குள் ஒரு பெண் பேசினாள்.

“அறவாழி.”

ழகரம் மட்டும் சற்றுக் கரகரத்தது.

பாட்டு எதுவும் நடக்காததுபோல் மேலே போயிற்று. அவன் காதுகள் அங்கேயே நின்றுவிட்டன.

கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு அந்த வீட்டில் பெயர் கிடையாது. என்னங்க, இந்தாங்க, அவ்வளவுதான். மாமியாருக்காகத் தொடங்கிய பழக்கம். மாமியார் போன பிறகும் அவள் விடவில்லை.

அந்தக் குரலில் அவன் தன் பெயரைக் கேட்டதே இல்லை.

இருவருக்கும் ஒரே கல்லூரி. அவன் இரண்டு வருடம் மூத்தவன். பெண் பார்க்கப் போன அன்று, என்னைக் கல்லூரியில் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டான். இல்லையே என்றாள். ஊரார் முன்னிலையில் விழுந்த அந்த இல்லையே அவனுக்கு இன்றுவரை லேசாக உறுத்தும்.

பாட்டு முடிந்தது.

அவன் திரும்பினான்.

அவள் நிமிரவில்லை. காது மடல் சிவந்திருந்தது. ஒரு மொச்சை கையிலிருந்து நழுவி சோபாவுக்கு அடியில் உருண்டது. அதை எடுக்கவும் அவள் குனியவில்லை.

“என்னங்க,” என்றாள். “காயலான் கடைக்காரரு கீழதான் நிக்கிறாரு. கூப்பிடட்டுமா?”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் தோற்றுப்போனதில் அவனுக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று யார் கண்டது?

டிவியைச் சுவரோரமாகத் தள்ளினான். பக்கத்தில் பெட்டிக்கு இடம் செய்தான்.

பாட்டை மறுபடி ஓடவிட்டான்.

அந்த இடம் வந்தது.

இந்தத் தடவை இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று சோபாவிலிருந்து.