முதல் தாரம்

"தாலி கட்டின கையோட வெட்டிப்போட வேணும், அண்ணை. உசிர் ஒட்டிக்கொண்டு நிக்கக்கூடாது."

நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல் இதைச் சொல்லிவிட்டு, சந்திரவதனா தேநீரை ஒரு மிடறு குடித்தாள்.

குகநாதன் பாய்ந்து எழுந்தார். ஜன்னலோரத் தொட்டியில் நின்ற குள்ள வாழைக்கு முன்னால் கைகளை விரித்து மறித்தார்.

"முதல்ல என்னை வெட்டுங்கோ. பிறகு இதைத் தொடுங்கோ."

லண்டனின் சட்டன் பகுதியில் இருந்த அவர் வீட்டில் ஹீற்றர் ஓடுவது இந்த ஓர் அறையில் மட்டும்தான். அதுவும் வாழைக்காக. தலைக்கு மேல் அதற்கென்று தனி விளக்கு. வெளியே ஜனவரிப் பனி. மூன்று குளிர்காலத்தைத் தாண்டி வந்த வாழை, போன கிழமைதான் பூப்பொத்தியை வெளியே நீட்டியிருந்தது. இன்னும் சில மாதம் அது உயிரோடு நின்றால் போதும்; லண்டனில் தன் வீட்டுக் குலையில் பழம் பிடுங்கித் தின்றுவிடுவார் குகநாதன்.

"என்ர மகனுக்கு முதல் தாரம் தங்காது எண்டு சாதகத்தில கிடக்கு, அண்ணை," என்றாள் சந்திரவதனா. "முதல்ல ஒரு வாழைக்குத் தாலியைக் கட்டி வெட்டிவிட்டால், குற்றம் வாழையோட போயிடுமாம். சாத்திரியார் சொல்லிப்போட்டார். வாற ஞாயிறு கலியாணம்."

"வேற வாழை பாருங்கோவன்."

"இந்தக் குளிருக்குள்ள ஆர் வீட்டில வாழை நிக்குது? கடையில இலை இருக்கு, பொத்தி இருக்கு, பழம் இருக்கு. மரம் இல்லை. ஒவ்வொரு இலை விரியேக்கையும் வாட்ஸப் குறூப்பில படம் போட்டது நீங்கள்தானே."

அவள் மகன் துஷாந்தன், ஆறடி உயரம், கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கட்டப்போகும் அனோஜினி சோபாவில் இருந்து முறுக்கைக் கடித்தபடி எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

குசினிக்குள் இருந்து குகநாதனின் மனைவி யோகமலர் வந்தாள். ஜாக்கெட், கம்பளித் தொப்பி, கையில் கத்தி.

"தீட்டியாச்சு," என்றாள்.

"நீ ஆற்ற பக்கம்?"

"ஹீற்றர் இல்லாத பக்கம். கலியாணம் கட்டின நாளில இருந்து எனக்கு ஒருக்காலும் நெத்தி வேர்வை துடைச்சு விட்டதில்லை. அதுக்கு மட்டும் இலை இலையாத் துடைக்கிறியள்."

குகநாதனின் மூளை வேகமாக வேலை செய்தது.

"பொருத்தம் இல்லை," என்றார். "மாப்பிள்ளை ஆறடி. இது என்ர நெஞ்சு உயரம்தான்."

சந்திரவதனா சாத்திரியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மேசை மேல் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

"குனிஞ்சு கட்டட்டும்," என்றது போன்.

"இஞ்ச பாருங்கோ, பொத்தி தள்ளியிருக்கு," குகநாதன் போனைப் பார்த்துக் கத்தினார். "பிள்ளைத்தாச்சியை வெட்டுறதோ?"

போன் குரலை உயர்த்தியது.

"கலியாணத்துக்கு முதலே பிள்ளைத்தாச்சியோ? அப்ப ஏன் சுணங்குறியள்? கெதியாக் கட்டுங்கோ. நான் லைனில நிக்கிறன்."

இனி வழியில்லை. துஷாந்தன் முழங்காலில் நின்று, மஞ்சள் கயிற்றை வாழையின் இடுப்பில் கட்டினான். யோகமலர் இரண்டு அரிசி எடுத்துப் போட்டாள். அனோஜினி சிரிப்பை அடக்கியபடி கிட்டவாக ஒரு படம் எடுத்தாள்.

சந்திரவதனா கத்தியை வாங்கி ஓங்கினாள். குகநாதன் வாழையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீயாவது சொல்லு. உன்ர முதல் பெண்சாதியடா. தாலி ஏறி ரெண்டு நிமிசம் ஆகேல்லை."

துஷாந்தன் தலையைச் சொறிந்தான்.

"அங்கிள், டெக்னிக்கலி... இது முதல் இல்லை."

கத்தி அந்தரத்தில் நின்றது.

"என்ன சொல்லுறாய்?" என்றாள் சந்திரவதனா.

"எனக்கும் அனோஜினிக்கும் கலியாண எழுத்து முடிஞ்சுதே, அம்மா. போன வருசம் கவுன்சிலில. நீங்கதானே கேக் வெட்டினீங்க."

"விசர்க்கதை கதையாத. எழுத்தெண்டா வெறும் கையெழுத்து. வீடு எடுக்கிறதுக்காக வைச்சது. அதை ஆர் கலியாணம் எண்டு சொன்னது?"

"கவுன்சில் சொன்னது. சேர்ட்டிபிக்கேற்றும் தந்தது."

மேசை மேல் இருந்த போன் செருமியது.

"நில்லுங்கோ. எழுத்து முடிஞ்சுதோ? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அது பெரிய விஷயமில்லை எண்டு விட்டிட்டன், சாத்திரியார்."

"என்ன பிள்ளை நீர். அப்ப வாழை ரெண்டாந்தாரமெல்லே. அதை வெட்டி ஒரு பிரயோசனமும் இல்லை."

குகநாதன் வாழையை முத்தமிட்டார். யோகமலர் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டாள்.

"அப்ப, சாத்திரியார்," சந்திரவதனா கத்தியை இறக்காமலே கேட்டாள், "சாதகத்தில சொன்ன அந்த முதல் தாரம்..?"

அறையில் இருந்த எல்லோரும், கத்தியும் சேர்ந்து, மெல்லச் சோபாப் பக்கம் திரும்பினார்கள்.

சோபாவில் பாதி முறுக்கு மட்டும்தான் இருந்தது.

"மாமி, ப்ளீஸ்," என்று வாழை இலைகளுக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது, "முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வையுங்கோ."