தலை போன பிறகு

இடுக்கியால் அவள் கொசுவின் தலையைப் பிடித்தாள். ஒரே இழுப்பு. தலை தனியாக வந்தது.

கால்கள் அசைந்தன. தலை போனாலும் அதற்கு உடனே உயிர் போய்விடாது.

வயிறு சிவந்து புடைத்திருந்தது. உள்ளே இருப்பது அவளுடைய ரத்தம். அந்த ஆய்வகத்தில் அது வழக்கம். முறை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கொசுக் கூண்டுக்குள் கையை விடுவார்கள். இன்று அவள் முறை இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முட்டைக்கு ரத்தம் மட்டும் போதாது. ரத்தம் உள்ளே போனதும் தலையிலிருந்து ஒரு ஹார்மோன் இறங்கி வர வேண்டும். அதுதான் சூலகத்தை எழுப்பும். குடித்த கையோடு தலையை எடுத்துவிட்டால் முட்டை இல்லை.

சில மணி நேரம் விட்டு எடுத்தால் கதை வேறு. சேதி இறங்கியாயிற்று. அப்புறம் தலை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வயிறு தன் பாட்டுக்கு முட்டையை வளர்த்துக்கொண்டிருக்கும்.

அப்படித் தலையில்லாமல் முட்டை சுமக்கும் கொசுக்களைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கணவன் வீட்டு ஞாபகம்தான் வரும்.

கதவருகே அவள் கணவன் இளவரசு நின்றிருந்தான். கையில் சின்ன ஐஸ் பெட்டி. உள்ளே, இன்று அவள் வயிற்றில் போட வேண்டிய ஊசி. கருமுட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசி. இதுவரை போட்டதெல்லாம் இதற்காகத்தான். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும். இது தவறினால் அத்தனையும் பாழ்.

ஊசி குத்திக் குத்தி அவள் வயிறு கன்றிப்போயிருந்தது. வலிக்கிறதா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

மாமியார் கேட்டது வேறு. அதையும் விருந்தாளிகள் முன்னால் கேட்டாள்.

"கொசுவுக்கு ஊட்டுற ரத்தத்துல எம் பேரனுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கக்கூடாதாம்மா?"

எல்லோரும் சிரித்தார்கள். இளவரசுவும் சிரித்தான்.

அதையாவது விழுங்கிக்கொண்டாள். இன்று காலை பேராசிரியர் கூப்பிட்டார். வேலையை விடப்போகிறாயாமே, உன் வீட்டுக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார், வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அந்தப் படித்த மனிதருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

குழந்தை வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவளே அவள்தான். அதை நினைத்தபோது இன்னும் எரிந்தது.

"கெளம்பு. டாக்டரம்மா காத்துக்கிட்டிருக்காங்க. இந்தக் கருமத்தையெல்லாம் இனி வேற யாராச்சும் பாத்துக்குவாங்க."

கதவருகிலிருந்தே சொன்னான் இளவரசு.

கொசுக்களைப் பரப்பியிருந்த தட்டுக்கு அடியில் இருந்த ஐஸ் உருகித் தண்ணீராகியிருந்தது. குளிரில் மரத்துக் கிடந்த கொசுக்கள் ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்தன. இன்னும் சற்றுப் போனால் எல்லாம் பறந்துவிடும்.

அவள் கையை நீட்டினாள்.

ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து அவன் பெட்டியைக் கொடுத்தான்.

மூடியைத் திறந்தாள். ஊசியை எடுத்து ஜன்னலோரம் வெயிலில் வைத்தாள். பெட்டியைத் தட்டின் அடியில் கவிழ்த்தாள். ஐஸ் சலசலவென்று கொட்டியது.

கொசுக்கள் அடங்கின.

அவன் பாய்ந்து ஊசியை எடுத்தான். உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டான். பிறகுதான் கைச்சூடு உறைத்தது. மேசை, அலமாரி, மூலை என்று அறை முழுவதும் கண்ணால் துழாவினான்.

இருந்த ஐஸ் எல்லாம் கொசுக்களுக்கு அடியில்.

அவனுடைய இன்னொரு கை தட்டை நோக்கி வந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

கை பாதியில் நின்றது.