இருபத்தேழாம் எண் பாட்டில்

ஆய்வுக்கூடம் முழுக்கப் பேடா கிண்டுகிற வாசனை அடித்தது. பேடா இனிப்புக்குப் பேர்போன தார்வாடில் அது அதிசயமில்லைதான். ஆனால் வாசனை வந்தது தெருமுனைக் கடையிலிருந்து அல்ல, நீலாம்பிகாவின் சோதனைக் குழாயிலிருந்து.

இறுதியாண்டு கரிம வேதியியல் செய்முறைத் தேர்வு. பாட்டிலின் மேல் எண் மட்டும் இருக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தூள் என்னவென்று மாணவிகள் கண்டுபிடிக்க வேண்டும். நீலாம்பிகாவுக்கும் பக்கத்து மேசை சுனந்தாவுக்கும் இருபத்தேழாம் எண் பாட்டிலிலிருந்தே ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்திருந்தார் ஆய்வக உதவியாளர் மல்லப்பா.

இருவரும் விடுதியில் ஒரே அறை. ஹுப்பள்ளி மருந்துக் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் ஒரே ஒரு வேலை இருந்தது. இவர்களில் செய்முறையில் யாருக்கு அதிக மார்க்கோ அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். அது கிடைக்காவிட்டால் நீலாம்பிகாவுக்கு ஜூனில் கல்யாணம். மாமன் மகன் தயாராக இருந்தான், அவள்தான் தயாராக இல்லை.

அதனால் எதையும் விடவில்லை அவள். தூளைத் தண்ணீரில் போட்டாள், கரைந்தது. சோடா உப்புக் கரைசலில் போட்டாள், நுரைக்கவில்லை. சூடாக்கினால் கறுத்துப்போய்ப் பேடா வாசனை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டு, 'சர்க்கரை' என்று எழுதினாள்.

சுனந்தா பர்னரைப் பற்றவைக்கவே இல்லை. பாட்டிலின் உடைந்த நீல மூடியை ஒரு தரம் பார்த்தாள், சிரித்தாள், மடமடவென்று எழுத ஆரம்பித்துவிட்டாள். காலையில் அவள் வராந்தாவில் மல்லப்பாவோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது நீலாம்பிகாவின் ஞாபகத்துக்கு வந்தது.

வெளியூர்த் தேர்வாளர் நீலாம்பிகாவின் தாளைப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"சர்க்கரையா? ஏம்மா, காலையில டீ குடிக்காம வந்துட்டியா? இது பென்சாயிக் அமிலம்."

"சார், மூணு தடவை செஞ்சேன். நுரையே வரல சார். நீங்களே ஒரு தடவை மோந்து பாருங்க."

"எனக்கு மூணு நாளா ஜலதோஷம். பட்டியல்ல என்ன இருக்கோ அதுதான்."

துறைத் தலைவி குல்கர்னி மேடத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது கடையில வாங்கினது இல்ல, போன வருஷம் நம்ம பிள்ளைங்களே தயாரிச்சது. வெள்ளை வெளேர்னு இருந்துச்சு, நானே முழு மார்க் போட்டேன். இந்தக் காலேஜ்ல நாங்க எதையும் வீணாக்கறதில்ல சார்!"

சுனந்தாவின் தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. குளிர்ந்த நீரில் கரையவில்லை, சோடா உப்பில் பொங்கி நுரைத்தது, ஆகவே பென்சாயிக் அமிலம். "இப்படித்தாம்மா பார்த்துப் பார்த்துச் செய்யணும்" என்று முழு மார்க் போட்டார் தேர்வாளர்.

கேன்டீனில் சுனந்தாவுக்கு எதிரே உட்கார்ந்த நீலாம்பிகா டீயைத் தொடவில்லை. அழுதழுது மூக்கு சிவந்திருந்தது.

"மல்லப்பண்ணாதானடி சொல்லிக் கொடுத்தாரு? உண்மையச் சொல்லு."

"அவரா? அவர் பொண்ணுக்கு நம்ம ஹாஸ்டல்ல இடம் கிடைக்குமான்னு கேட்டுட்டிருந்தாரு. பாட்டில் நம்பரைத் தவிர அவருக்கு என்னடி தெரியும்?"

"அப்ப எனக்கு மட்டும் ஏன்டி சர்க்கரையா தெரிஞ்சுது? எனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

"இல்லடி, நீ எழுதினதுதான் சரி. அது சர்க்கரையேதான்."

"தெரிஞ்சுமா அமிலம்னு எழுதின?"

சுனந்தா மேசை மேலிருந்த டப்பாவைத் திறந்து, தன் டீயில் இரண்டு கரண்டி போட்டு நிதானமாகக் கலக்கினாள்.

"போன வருஷம் இதே டப்பா சர்க்கரையைப் பொடிச்சு, அந்த பாட்டில்ல போட்டு, அமிலம்னு கொடுத்ததே நான்தானடி!"