ஹென்றி மில்ஸின் கல்லறை

பனியில் நின்று நின்று கோச் பிரென்னருக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. எதிரே நின்ற சுரங்கக் கிழவன் நகர்வதாயில்லை. கரி வெட்டிக்கொண்டிருந்த அவன் மகனைத்தான் கோச் கூட்டிவந்து, ஹென்றி மில்ஸ் என்கிற மாணவன் என்று பொய் சொல்லி, கல்லூரிக் கால்பந்து அணியில் இறக்கினார். அணி கோப்பையை ஜெயித்தது, அந்த ஆட்டத்தில் மோதி விழுந்து பையன் கழுத்து முறிந்து செத்தான். பொய்ப்பெயரிலேயே புதைத்தார்கள்.

"கல்லுல ஸ்தெபான்னு வெட்டச் சொல்லுங்கய்யா. யாரோ ஒருத்தன் பேருக்கு முன்னால உக்காந்து இவன் ஆத்தா அழுவுறா."

"வெட்டினா அவன் மாணவன் இல்லைன்னு தெரிஞ்சு கோப்பையைப் புடுங்கிடுவாங்க பெரியவரே. அவன் உசிரக் குடுத்து ஜெயிச்சது. பெத்தவனே கெடுக்கலாமா?"

கிழவன் தொப்பியைப் பிசைந்தான். "கெடுக்கக் கூடாதுங்கய்யா."

அந்தக் கோப்பையைக் காட்டியே பிரென்னர் பெரிய கல்லூரிக்குப் போனார். மாலை மரியாதையோடு ஓய்வும் பெற்றார். ஸ்தெபானுக்கு அவன் பெயர் இன்னும் பாக்கி.