உறுப்பினர் எண் 417

"யாருக்காக உட்கார்ந்திருக்கீங்கன்னு சொன்னா நானும் ஒரு கண் வச்சிப்பேன்லக்கா?" என்றாள் நூலகர், பழைய அட்டைகளைக் கட்டுக் கட்டிக்கொண்டே.

"தெரிஞ்சவங்கதான்" என்று சொல்லிவிட்டு வாசலையே பார்த்தாள் காஜாக்காரி.

தையல் கூடத்தில் இருபத்தெட்டு வருடமாகச் சட்டைகளுக்குப் பொத்தான் ஓட்டை போடுகிறவள். காய்ச்சல் என்றால்கூட விடுப்பு எடுக்காதவள், மூன்று நாளாக இந்த மர பெஞ்சில் கிடக்கிறாள். நூலகம் கணினிக்கு மாறுகிறது. உறுப்பினர்கள் நேரில் வந்து பழைய அட்டையைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று ஐந்து மணியோடு கடைசி. நாளையிலிருந்து, புத்தகங்களின் பின் அட்டையில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டுகளைக் கிழித்துவிடுவார்கள்.

அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் அவள் இத்தனை காலம் படித்தாள்.

பத்தொன்பது வயதில் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவள், கைக்கு வந்த புத்தகத்தை எடுத்தாள். தனித் தீவில் பறவைகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவனின் கதை. மழை விட்டது தெரியாமல் நின்றபடியே பாதி படித்தாள். முடித்த பிறகு அடுத்து எதை எடுப்பது என்று தெரியவில்லை. கேட்க வெட்கம். பின்னால் திருப்பினாள். சீட்டில் தேதிக்குப் பக்கத்தில், எடுத்துப் போனவர்களின் எண்கள். அதில் ஒன்று 417. அடுத்த அலமாரியில், உப்பைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்திலும் 417. எடுத்துப் போனாள். மூன்று நாள் அதே நினைப்பாக இருந்தாள்.

அதற்குப் பிறகு முன் அட்டையைப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். 417 இருந்தால் எடுப்பாள். படகோட்டும் பெண்ணின் கதை, நட்சத்திரங்கள், துப்பறியும் கதை, எறும்புகளின் வாழ்க்கை. ஒன்றுகூடச் சப்பையாக இருந்ததில்லை. பதினாலு நாள் தவணையை அவர் மதித்ததே இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு மாதம் வைத்திருப்பார். ருசித்துப் படிக்கிற மனுஷர் என்று நினைத்துக்கொள்வாள். அவர் கைபட்ட புத்தகத்தில் ஒரு தாள் உதிராது.

மெஷின் சத்தத்துக்கு நடுவே அவரோடு பேசிக்கொண்டே இருப்பாள். படகுக்காரி நட்டாற்றில் புருஷனை இறக்கிவிட்ட இடத்தில் நீங்களும் புத்தகத்தை மூடிவைத்தீர்களா? எறும்புக்குத் தூக்கம் வருமா என்று நீங்களும் யோசித்தீர்களா? சில நாள் சண்டையும் வரும். அவர் முகம் மட்டும் வரவே வராது. ஒருமுறை பழைய நூலகரிடம் கேட்டுப் பார்த்தாள். யார் எதைப் படிக்கிறார்கள் என்று சொல்லக்கூடாது, விதி என்றார் அவர். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்தது போலக் கூசிப்போய், அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை.

லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் கணவனுக்கு எல்லாம் தெரியும். காலையில் அவள் தலை வாரும்போது, "உன் ஆளைப் பார்த்தா என் சார்பாவும் ஒரு நன்றி சொல்லு. அவர் மட்டும் இல்லைன்னா இத்தனை வருஷம் ராத்திரி எல்லாம் நீ என்னோடதான் பேசியிருப்ப" என்றான்.

உயரமாக ஒரு கண்ணாடிக்காரர் வந்தார். பாதி எழுந்தாள். அட்டையில் 93. கைத்தடியோடு ஒரு அம்மா. 1206. சீருடையோடு ஒருவர். 388. உட்கார்ந்தாள். வெயில் அலமாரி அலமாரியாக நகர்ந்து போனது. கண் சொக்கியது. தீவில் உட்கார்ந்து பறவைகளை எண்ணுகிறவன் இவள்தான் என்றும், எண்ணிக்கையில் ஒன்று மட்டும் குறைகிறது என்றும் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஐந்தடிக்கப் பத்து நிமிடம். நூலகர் மிச்ச அட்டைகளை எண்ணினாள்.

"இருபது பேர் வரலை. செத்தவங்க, ஊரை விட்டுப் போனவங்க. வருஷா வருஷம் இருக்கிறதுதான். வீட்டுக்குப் போங்கக்கா."

காஜாக்காரி மறுபடி வாசலைப் பார்த்தாள். செத்திருந்தால்? அதைவிட, நாளைக்கு இத்தனை ஆயிரம் புத்தகங்களுக்கு நடுவே நின்றுகொண்டு எதைக் கையில் எடுப்பது?

"இனிமே எதைப் படிக்கறதுன்னு எனக்கு யாரும்மா சொல்லுவா?" என்றாள். நூலகருக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போது குள்ளமாக ஒரு மனிதர் பெரிய சாக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். மேசையின் மேல் கசங்கிய அட்டை ஒன்றைப் போட்டார்.

"நானூத்திப் பதினேழு. லேட்டாயிடுச்சா?"

காஜாக்காரி எழுந்தாள். மேசைக்கு அருகே போனாள். வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பேச்சில் ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு கேட்டாள்:

"நீங்க படிச்சதுலயே உங்களுக்கு எது ரொம்பப் பிடிச்சுது?"

அவர் விழித்தார். நூலகர் சிரித்துவிட்டாள். "அவர் பைண்டிங் பண்றவர்க்கா. கிழிஞ்ச புத்தகம் எதுவானாலும் அவர் நம்பர்லதான் வெளிய போகும்."

"எனக்கு எங்கம்மா படிக்க நேரம்?" என்றார் அவர், மூட்டையை அவிழ்த்தபடி. "ஊரே மாத்தி மாத்திப் படிச்சுக் கிழிச்சு வைக்குது, அதை ஒட்டவே எனக்குப் பொழுது சரியா இருக்கு."