புதுச் செயின்

மனைவியின் பந்தய சைக்கிளுக்குச் செயின் மட்டும் மாற்றினால் போதும் என்று சொல்லிவிட்டான்.

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. கியர் விஷயத்தில் புருஷன் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. சேலத்தில் பாதிப் பந்தய சைக்கிள்கள் அவன் கைபட்டுத்தான் ஓடுகின்றன.

பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்லடுக்கை விரலால் தடவிப் பார்த்தான். தேய்ந்து கூராகியிருந்தது.

தேய்ந்த பல்லில் புதுச் செயின் சரியாக உட்காராது. சும்மா மிதிக்கும்போது தெரியவும் தெரியாது. ஏற்றத்தில் எழுந்து நின்று முழுப் பலத்தையும் போடுகிற நேரம் பார்த்துத் துள்ளும்.

இதெல்லாம் தெரியாதவனா அவன்?

புதுப் பல்லடுக்கு இழுப்பறையில் பெட்டி பிரிக்காமல் இருந்தது.

இழுப்பறையைச் சாத்தினான்.

மறுநாள் ஏற்காட்டு மலைப்பாதையில் ரயில்வே அணிக்குத் தேர்வு. ஒவ்வொருத்தராகத் தனியே ஏற வேண்டும். பெண்களுக்கு ஒரே ஓர் இடம். கிடைத்தால் வேலையும் கிடைத்தது மாதிரி. அவனும் அதே மலையில் மூன்று வருஷம் ஏறி, மூன்று வருஷமும் வெறுங்கையோடு இறங்கியவன். இப்போது போகிறவர் வருகிறவரெல்லாம் உன் சம்சாரத்துக்குத்தான் இந்த இடம் என்று அவனிடமே வந்து சொன்னார்கள். சிரித்துக்கொண்டே கேட்டான். வயிறு பற்றி எரிந்தது.

சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டி, பெடலைக் கையால் சுற்றிக் காட்டினான். பதினொரு கியரும் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு மாறின.

பைத்தியக்காரி, அவனுடைய கிரீஸ் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் மலையில், ஒன்பதாவது வளைவில் பெடல்மேல் எழுந்து நின்றாள்.

செயின் துள்ளியது. முழங்கால் ஹேண்டில்பாரில் மோதிக் கிழிந்தது.

மறுபடி எழுந்தாள். மறுபடி துள்ளியது.

அதன்பிறகு எழவே பயம். மிச்ச மலையை உட்கார்ந்தபடியே ஏறினாள்.

நான்கே விநாடி வித்தியாசத்தில் அந்த இடம் போயிற்று.

தேர்வாளர் அவளிடம் வந்தார். நல்ல மனுஷர். "சைக்கிள்ல கோளாறுன்னா சொல்லும்மா கோகிலவாணி. மத்தியானம் வேற சைக்கிள்ல இன்னொரு தடவ ஏற விடுறேன். விதியில இடம் இருக்கு."

இரண்டடி தள்ளி, தோளில் துண்டோடு அவன் நின்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் துண்டை எடுத்து உதறி மடித்தான்.

"சைக்கிள் மேல குத்தம் சொல்ல மாட்டேன் சார். எங்க வீட்டுக்காரர் கைப்பட மாட்டினது. என் கால்லதான் பலம் பத்தல."

தேர்வாளருக்கு மனசு கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பினார். "நிஜமாவாப்பா?"

அவள் முழங்கால் ரத்தத்தைத் துடைக்க அவன் குனிந்தான்.

"ஆமாங்க சார். மலைன்னா இவளுக்கு எப்பவுமே இப்படித்தான்."

அவளும் தலையாட்டினாள்.